டாரஸிலிருந்து டிரெய்லருக்கு மாறுபவருக்கு: மாட்டுவதும் கழற்றுவதும்

கேட்கப்பட்டது இது: "பத்து வருடம் டாரஸ், அதாவது ஒரே உடலாக வரும் பெரிய லாரி, ஓட்டினேன். இப்போது சேலம் இரும்பாலையில் காயில் (எஃகுத் தகட்டுச் சுருள்) ஏற்றும் டிரெய்லருக்கு மாறியிருக்கிறேன். ஒரு முன்வண்டி, இரண்டு டிரெய்லர். ஒன்றில் லோடு ஏறும் நேரத்தில் மற்றதை இழுத்துப் போக வேண்டும். 'டக்'கென்று சத்தம் கேட்டால் மாட்டிக்கொண்டது என்கிறார்கள். அது போதுமா? ஏர் ஹோஸை முதலில் மாட்டுவதா, கடைசியிலா?"

போதாது. முன்வண்டியின் முதுகில் உள்ள தகடுதான் ஃபிஃப்த் வீல். அதன் நடுவில் உள்ள தாடை, டிரெய்லரின் அடியில் நீட்டியிருக்கும் கிங் பின் என்ற இரும்பு முளையைக் கவ்விப் பூட்டும். தாடை முழுதாகப் பூட்டாமல் பாதியில் நின்றாலும் அதே சத்தம்தான் வரும். கிங் பின் தாடைக்குள் போகாமல் அதன் மேலேறி உட்கார்ந்தாலும் ஏதோ ஒரு சத்தம் வரும். பூட்டியிருக்கிறதா என்பதை டார்ச் அடித்துக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கே பார்ப்பது, என்ன பார்ப்பது என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று.

வண்டியை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் முன்வண்டியின் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். டிரெய்லர் மாட்டும் வேலையில் ஆள் நசுங்கிச் சாவது பெரும்பாலும் இந்த ஒரு தவறால்தான். காரணம் ஏர் பிரேக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. சிவப்பு ஹோஸ் கழன்றிருக்கும் டிரெய்லர், தன் டேங்கில் மிச்சமிருக்கும் ஏரைக் கொண்டு எமர்ஜென்சி பிரேக்கைப் பிடித்து நிற்கும். நீங்கள் போய்ச் சிவப்பு ஹோஸை மாட்டினால் டேங்கில் ஏர் ஏறும், அந்தப் பிரேக் விடும். முன்வண்டியில் ஹேண்ட் பிரேக் போடாமல் இருந்தால், அதுவரை டிரெய்லர் பிடித்திருந்ததால் மட்டுமே நின்ற மொத்த வண்டியும் உருளத் தொடங்கும். மாட்டியவர் அப்போது இரண்டுக்கும் நடுவில் நிற்பார். கேபினை நோக்கி ஓடி ஏறிப் பிரேக் பிடிக்கலாம் என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. அதற்கு நேரம் இருக்காது.

டிரெய்லரின் பக்கவாட்டில் அதற்கென்று தனியாகப் பார்க்கிங் பிரேக் குமிழ் இருந்தால், மாட்டப் போகும் முன்பே அது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய டிரெய்லர்களில் அந்தக் குமிழும் இருக்காது, ஏர் இறங்கினால் தானாகப் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக்கும் இருக்காது. அப்படிப்பட்ட டிரெய்லரை இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் டேங்கில் உள்ள ஏர் மெல்லக் கசிந்து இறங்கிவிடும். அதன்பின் அதைப் பிடித்து நிற்பது சக்கரக் கட்டை மட்டுமே. அதனால் டயருக்கு முன்னும் பின்னும், இரண்டு பக்கமும் கட்டை போடுங்கள். பின்பக்கக் கட்டை எதற்கென்றால், நீங்கள் ரிவர்ஸில் போய் முட்டும்போது டிரெய்லர் பின்னால் தள்ளப்படும். முன்பக்கக் கட்டை இழுத்துப் பார்க்கும் சோதனைக்குத் தேவை. கையில் கிடைத்த ஜல்லிக் கல்லை வைக்காதீர்கள், பாரம் ஏறினால் அது நழுவும். ஆப்பு வடிவில் வெட்டிய கனமான மரக்கட்டையோ ரப்பர் கட்டையோ வேண்டும்.

இனி உயரம். உங்கள் வேலையில் அதிகம் தொந்தரவு தரப்போவது இதுதான். ரிவர்ஸ் போகும் முன் ஃபிஃப்த் வீலின் தகட்டு மட்டத்தையும் டிரெய்லரின் முன்பக்க அடித்தகட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடித்தகடு சமமாகவோ ஓர் அங்குலம் தாழ்வாகவோ இருக்க வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் தாழ்வு வேண்டாம். சற்றுத் தாழ்வாக இருந்தால், முன்வண்டி உள்ளே போகும்போது ஃபிஃப்த் வீலின் பின்சரிவில் அடித்தகடு ஏறி, டிரெய்லரைத் தூக்கிக்கொண்டே உட்காரும். அப்போது பின்னும் சரியான ஆழத்தில் தாடைக்குள் இறங்கும். மிகவும் தாழ்ந்திருந்தால் சேஸியின் பின்முனை டிரெய்லரின் முன்முகப்பில் இடிக்கும், டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கி நிற்கும் கால்கள் வளையும். இது கண்ணுக்குத் தெரியும் சேதம், சரிசெய்துவிடலாம்.

டிரெய்லர் உயர்ந்திருந்தால்தான் ஆபத்து. பின்னின் கீழ்விளிம்பு தாடையின் மேல் ஏறி நிற்கும், அல்லது தாடையைத் தாண்டிப்போய்த் தகட்டின் முன்விளிம்புக்கு அப்பால் விழும். அந்த நிலையிலும் முன்வண்டியை நகர்த்தினால் டிரெய்லர் கூடவே வரக்கூடும். இழுத்துப் பார்த்தோம், வந்தது, மாட்டிக்கொண்டது என்று நினைத்துக் கிளம்பி, ஏதாவது ஒரு வேகத்தடையில் டிரெய்லர் தூக்கிப் போடும்போதோ திருப்பத்திலோ அது கழன்று விழும். இழுவைச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

இரண்டு டிரெய்லரை மாற்றி மாற்றி மாட்டும் உங்களுக்கு ஒரு விஷயம் அடிக்கடி வரும். லோடு உள்ள டிரெய்லரை இறக்கிவிட்டு முன்வண்டியை வெளியே எடுத்தவுடன், அமுங்கியிருந்த கட்டு ஸ்பிரிங் விரிந்து முன்வண்டியின் பின்பகுதி உயரும். அதே வண்டி திரும்பி வந்தால் டிரெய்லர் தாழ்வாகத் தெரியும், பெரும்பாலும் அது நல்லதுதான். ஆனால் ஒரு வண்டி இறக்கிவிட்ட டிரெய்லரை வேறொரு வண்டி எடுக்கும்போது இந்தக் கணக்கு செல்லாது. டயர் அளவும் ஸ்பிரிங்கும் மாறினால் மட்டமும் மாறும். நம் ஊர் முன்வண்டிகள் பெரும்பாலும் கட்டு ஸ்பிரிங் என்பதால் வண்டியைத் தாழ்த்தி உயர்த்த முடியாது. டிரெய்லரின் கால்களைச் சுற்றித்தான் மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். லோடு இருக்கும்போது கைப்பிடியை மெதுவான கியரில் போட்டுச் சுற்றுங்கள். வேகமான கியர் கால் தரையைத் தொடும் வரைக்கும், தரையை விட்ட பிறகும்தான். பாரத்தோடு அதில் சுற்றினால் பல் தேயும், கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டை உடைக்கும்.

ரிவர்ஸ் போகும் முன் ஃபிஃப்த் வீலைப் பாருங்கள். தாடை திறந்திருக்க வேண்டும். லீவர் திறந்த நிலையில் வெளியே நிற்க வேண்டும். தகடு பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். தாடைக்குள் துணி, கல், காய்ந்துபோன கிரீஸ் கட்டி எதுவும் இருக்கக் கூடாது. தாடை மூடியிருப்பதைக் கவனிக்காமல் உள்ளே போனால் பின்னைத்தான் இடிப்பீர்கள். கழன்றிருக்கும் ஏர் ஹோஸும் ஒயரும் தகட்டின் மேல் கிடக்காமல் ஓரமாக மாட்டியிருக்கட்டும்.

பிறகு நேராக வாருங்கள். கோணலாக வந்தால் கிங் பின், சரிவின் ஓரத்தில் மோதும், அல்லது தாடையின் ஒரு பக்கத்தில் மட்டும் அழுத்தி அதைப் பாதியில் நிறுத்தும். இரண்டு கண்ணாடியிலும் முன்வண்டியின் பின்டயர் விளிம்பும் டிரெய்லரின் பக்கமும் ஒரே அளவு இடைவெளியில் தெரிய வேண்டும். டிரெய்லரைத் தொடுவதற்கு ஓரடி முன்னால் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி உயரத்தை மறுபடியும் பாருங்கள். இந்த நிறுத்தத்தைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வழி சொல்ல ஆள் வேண்டுமென்றால் கிளீனர் பக்கவாட்டில், கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்கட்டும். இரண்டு வண்டிக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. கிளீனர் கண்ணாடியில் மறைந்த அந்த நொடியே நீங்கள் நிறுத்த வேண்டும்.

அங்கிருந்து மிக மெதுவாக, அரை கிளட்ச்சில் உள்ளே போங்கள். தகடு உரசும், டிரெய்லர் சற்றுத் தூக்கும், பிறகு தாடை பூட்டும் சத்தம். வேகமாகப் போய் இடித்துப் பூட்டுவது சிலருக்குப் பழக்கம். அதனால் தாடையின் கொக்கியும் பின்னும் அடிபடும், சில நேரம் தாடை பூட்டி உடனே தெறித்துத் திறந்துகொள்ளும்.

சத்தம் வந்ததும் முதல் கியரில் லேசாக முன்னோக்கி இழுங்கள், நிறுத்துங்கள், மறுபடி இழுங்கள். உலுக்கி இழுக்க வேண்டாம், டிரெய்லர் பிடித்து நிற்பது தெரிந்தால் போதும். கட்டை போடாமல் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. ஏர் இறங்கிய பழைய டிரெய்லரில் எந்தப் பிரேக்கும் இருக்காது. பின் பூட்டாமல் இருந்தாலும் தகட்டு உரசலிலேயே அது கூட வந்துவிடும்.

இப்போது ஹேண்ட் பிரேக், எஞ்சின் அணைப்பு, சாவி கையில். டார்ச் எடுத்து, பகலாக இருந்தாலும், டிரெய்லருக்கு அடியில் குனிந்து பாருங்கள். முதலில் பக்கத்திலிருந்து: டிரெய்லரின் அடித்தகட்டுக்கும் ஃபிஃப்த் வீல் தகட்டுக்கும் நடுவில் வெளிச்சமே தெரியக் கூடாது. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தால் பின் மேலேறி நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது பின்பக்கத்திலிருந்து, ஃபிஃப்த் வீலின் பிளவு வழியாக: தாடை பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருப்பது தெரிய வேண்டும். பின்னின் அடிவிளிம்பைப் பிடித்திருந்தால் அது பூட்டு அல்ல. மூன்றாவது, லீவர் முழுதாக உள்ளே போயிருக்கிறதா, சேஃப்டி கொக்கி தன் இடத்தில் விழுந்திருக்கிறதா. லீவர் ஒரு விரலளவு வெளியே நின்றாலும் பூட்டு முடியவில்லை. சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளாதீர்கள். கழற்றி, மறுபடி மாட்டுங்கள். கொக்கி தொலைந்துபோய்க் கம்பியால் கட்டியிருந்தால் அடுத்த டிரிப்புக்கு முன் மாற்றுங்கள்.

இப்போது ஏர். முதலிலா, கடைசியிலா என்று கேட்டீர்கள். டிரெய்லருக்கு அடியில் போகும் முன்பே ஹோஸை மாட்டி, ஏர் கொடுத்து, டிரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு உள்ளே போகும் முறையும் உலகில் இருக்கிறது. அமெரிக்காவில் லைசென்ஸுக்கே அப்படித்தான் கற்றுத் தருகிறார்கள். நமக்கு நான் சொல்வது பூட்டிய பிறகு மாட்டுவதைத்தான். ஹோஸ் குட்டையாக இருந்தால், முதலில் மாட்டுவதற்கு இரண்டு வண்டிக்கும் நடுவில் போய் நிற்க வேண்டிவரும், அது நசுங்கும் இடம். கட்டை சரியாகப் போட்டிருந்தால் ஏரைப் பிறகு கொடுப்பதால் எந்த நஷ்டமும் இல்லை.

சிவப்பு எமர்ஜென்சி லைன், டேங்குக்கு ஏர் கொடுப்பது. மஞ்சள் சர்வீஸ் லைன், நீங்கள் மிதிக்கும் பிரேக்கைக் கொண்டுபோவது. சில வண்டிகளில் சர்வீஸ் நீல நிறத்தில் இருக்கும். கப்ளிங் மாற்றிய பழைய டிரெய்லர்களில் நிறத்தை நம்பாமல் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். மாட்டும் முன் கப்ளிங்கின் ரப்பர் வாஷரை விரலால் துடையுங்கள். மணல் ஒட்டியிருந்தாலோ வெடித்திருந்தாலோ கசியும். நாலு புது வாஷர் கேபினில் எப்போதும் இருக்கட்டும்.

இரண்டும் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். டிரெய்லர் டேங்கில் ஏர் ஏறாது. ஸ்பிரிங் பிரேக் உள்ள டிரெய்லர் பிடித்தபடியே நிற்கும், நகராது, உடனே தெரிந்துவிடும். ஸ்பிரிங் பிரேக் இல்லாத பழைய டிரெய்லர் எந்தத் தடையும் இல்லாமல் உருண்டு வரும். பிரேக்கே இல்லை என்பது முதன்முறை மிதிக்கும்போதுதான் தெரியும். அதனால் எஞ்சினைப் போட்டு ஏர் முழுதாக ஏறியபின், கேபினில் உள்ள டிரெய்லர் பிரேக் லீவரை மட்டும் இழுத்துப் பிடித்து முதல் கியரில் இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள். டிரெய்லர் பிடித்து நிற்க வேண்டும். லீவரை விட்டால் விட வேண்டும். இந்த ஒரு சோதனையில் பூட்டும் தெரியும், பிரேக்கும் தெரியும். பிறகு எஞ்சினை அணைத்துக் கசிவுச் சத்தம் கேளுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்க, மற்றவர் நடந்து கேட்க வேண்டும்.

லைட் ஒயரின் பிளக்கை முழுதாகத் தள்ளி மூடியைப் பூட்டுங்கள். மழைக்காலத்தில் பிளக்கின் ஊசிகளில் பச்சை படியும், ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் எரியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். ஏபிஎஸ் ஒயர் தனியாக இருந்தால் அதையும் மாட்டுங்கள். மாட்டவில்லை என்றால் பிரேக் வேலை செய்யும், ஆனால் ஈரச்சாலையில் டிரெய்லர் டயர் லாக் ஆகிச் சறுக்கும்.

கால்களைக் கடைசியில்தான் தூக்க வேண்டும், அதுவும் முழுதாக. பாதி தூக்கிவிட்டுப் போனால் ரயில்வே கேட் மேட்டில் தட்டி உடையும். கைப்பிடியை அதன் கொக்கியில் மாட்டுங்கள். தொங்கவிட்டால் பைக்கில் வருபவரை அடிக்கும். கட்டைகளை எடுத்துப் பெட்டியில் போடுங்கள். ஒரு சுற்று நடந்து பிரேக் லைட், இண்டிகேட்டர், டயர், காயில் கட்டிய சங்கிலி எல்லாம் பாருங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியபின் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, லீவரையும் கொக்கியையும் இன்னொரு முறை பாருங்கள். இரவில் ஓட்டலில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அப்படியே. விளையாட்டுக்கோ விரோதத்துக்கோ லீவரை இழுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் இவை எல்லாம் ஒன்றாகச் சேரும். இறக்கத்தில் முன்வண்டி பிரேக் பிடித்து டிரெய்லர் பிடிக்காவிட்டால், பின்னால் உள்ள பாரம் முழுவதும் கிங் பின் வழியாக முன்வண்டியைத் தள்ளும். வளைவில் அந்தத் தள்ளல் வண்டியை மடக்கும். டிரெய்லர் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று அங்கே போய்ப் பார்க்க முடியாது, கிளம்பும் இடத்திலேயே பார்த்தாக வேண்டும். டிரெய்லர் பிரேக் லீவரை மட்டும் பிடித்துக்கொண்டே இறங்குவதும் தவறு. டிரெய்லர் டிரம் மட்டும் சூடேறிப் பிடிமானம் போய்விடும். கீழ் கியரில் இறங்குங்கள்.

பாரத்தைப் பற்றிக் கொஞ்சம். 2018-இல் அச்சுப் பாரம் உயர்த்தப்பட்டபின், மூன்று அச்சு முன்வண்டியும் மூன்று அச்சு டிரெய்லரும் சேர்ந்து 55 டன் வரை போகலாம்: முன் அச்சு 7, முன்வண்டியின் இரட்டை அச்சு 21, டிரெய்லரின் மூன்று அச்சு 27. ஃபிஃப்த் வீலின் ஓரத்தில் உள்ள பெயர்த்தகட்டில் இரண்டு எண் இருக்கும். ஒன்று அது மேலே தாங்கும் பாரம், மற்றது டி மதிப்பு எனப்படும் இழுவைத் தாங்குதிறன், கிலோநியூட்டனில். 55 டன் வண்டியில் முன்வண்டி வெற்று எடை 9 டன், ஃபிஃப்த் வீல் மேல் 19 டன் என்று வைத்தால் தேவைப்படும் டி மதிப்பு சுமார் 138 வரும். பழைய வண்டியில் மாற்றிப் பொருத்திய ஃபிஃப்த் வீல் என்றால் இந்தத் தகட்டைப் படிக்காமல் லோடு ஏற்றாதீர்கள். காயிலை முன்னால் தள்ளி வைத்தால் பின் மீதும், கழற்றும்போது கால்கள் மீதும் விழும் பாரம் கூடும்.

தேய்மானம்: வழக்கமான இரண்டு அங்குல கிங் பின்னின் கழுத்து புதிதில் 50.8 மி.மீ. அது 49-க்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். அதற்கு மேலுள்ள பருத்த பகுதி 73 மி.மீ., 71 வரை விடலாம். வெர்னியர் அளவி வைத்து இரண்டு திசையில் அளந்து பாருங்கள், ஏனென்றால் பின் முன்னும் பின்னும்தான் அதிகம் தேயும், வட்டம் முட்டையாகும். தேய்ந்த பின்னின் மேல் வெல்டிங் அடித்துக் கடைந்து பருக்க வைக்கும் வேலையை எந்தப் பட்டறை செய்து தந்தாலும் வாங்காதீர்கள். அது சூட்டுப் பதம் ஏற்றிய எஃகு, வெல்டிங் சூட்டில் பதம் போய் விரிசல் விடும். பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் 'டங்'கென்று அடித்தால் தாடையில் ஆட்டம் வந்திருக்கிறது. முதலில் பின்னை அளந்து, பின் சரியென்றால் மட்டும் ஃபிஃப்த் வீலின் சரிசெய்யும் போல்ட்டைத் தொடுங்கள். தேய்ந்த பின்னுக்கு ஏற்ப இறுக்கிவிட்டால், உங்களுடைய இன்னொரு டிரெய்லரின் புதுப் பின் அதில் பூட்டாது.

கிரீஸ் தகட்டின் மேலும் தாடையிலும் வேண்டும். உயர் அழுத்தத்துக்கான லித்தியம் கிரீஸ், மாலிப்டினமோ கிராஃபைட்டோ கலந்தது. பழையதைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் புதியது போடுங்கள். ஜல்லி கிரஷர், மேக்னசைட் சுரங்கம் பக்கம் ஓடும் வண்டியில் பழைய கிரீஸோடு தூள் கலந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். வறண்டுபோன தகட்டில் ஸ்டீயரிங் கனக்கும், திருப்பத்தில் வண்டி நேராகப் போகப் பார்க்கும்.

கழற்றுவது இதன் தலைகீழ்தான், ஆனால் இடம் முக்கியம். சமதளமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். செம்மண் தரை ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறியிருந்தாலும், சித்திரை வெயிலில் தார் இளகியிருந்தாலும், லோடு டிரெய்லரின் கால் இறங்கும். ஒரு கால் மட்டும் இறங்கினால் டிரெய்லர் சாயும். இரண்டு காலுக்கும் அடியில் தடித்த பலகை வையுங்கள். கட்டை போட்டு, டிரெய்லர் பார்க்கிங் பிரேக் இருந்தால் போட்டு, கால்களை இறக்கித் தரையைத் தொட்டபின் மெதுவான கியரில் இன்னும் சில சுற்று சுற்றுங்கள். பிறகு ஹோஸையும் ஒயரையும் கழற்றி மாட்டிவையுங்கள். இதை மறந்து வண்டியை எடுப்பவர்களால்தான் ஹோஸ் அறுகிறது. அடுத்துக் கொக்கி, லீவர். மெதுவாக முன்னால் எடுத்து, தாடை விட்டதும், சேஸி இன்னும் டிரெய்லருக்கு அடியில் இருக்கும்போதே நிறுத்துங்கள். இறங்கிக் கால்கள் நிற்பதைப் பாருங்கள். கால் மடங்கினால் டிரெய்லர் சேஸி மேல் உட்காரும், தரையில் மூக்கு குத்தாது. எல்லாம் சரியென்றால் முழுதாக வெளியே வாருங்கள்.

லீவர் இழுக்க வரவில்லை என்றால் கிங் பின் தாடையை இழுத்து இறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கம்பி போட்டு நெம்பாதீர்கள். கட்டைகள் போட்டிருக்க, முன்வண்டியை ரிவர்ஸில் ஓர் அங்குலம் அழுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு இழுங்கள், வந்துவிடும். மாட்டும்போது கிங் பின் தகட்டைத் தாண்டி முன்பக்கம் விழுந்துவிட்டது என்றால் முன்னோக்கி இழுக்கவே கூடாது. இழுத்தால் கிங் பின் தகட்டின் முன்விளிம்பில் மாட்டும், ஃபிஃப்த் வீலைப் பிடித்த போல்ட்டுகள் அறுபடும். முன்வண்டியில் ஹேண்ட் பிரேக் போட்டு, கால்களின் கீழே பலகை வைத்து, கிங் பின் தகட்டில் படாமல் அதற்கு மேலே வரும் வரை டிரெய்லரைத் தூக்கி, அதன்பின் வெளியே எடுத்து, பின்னையும் தாடையையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.